ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு சிரிப்பவர்

நான் ஒரு மடையன் என்பதற்கு எழுத்து மூலமான அத்தாட்சியே இருந்தது. எங்கள் பஸ்ஸில், டிரைவர் தலைக்கு மேலே, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கூடப் படித்துவிடுகிற பெரிய எழுத்தில், சிவப்பு பெயிண்டில், 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று எழுதியிருந்தது. அந்த வண்டியில் நான் கண்டக்டர். நாலு வருஷம், ஒரு நாளைக்கு நாலு நடை, அந்த எழுத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு அவரிடம் பேசிக்கொண்டே வந்தேன். அது பயணிகளுக்காக எழுதியது என்று நினைத்தேன். வண்டி பாதி டீசலிலும் பாதி என் பேச்சிலும் ஓடுகிறது என்றும் நினைத்தேன். இந்த இரண்டாவது நினைப்பு முழுப் பொய் இல்லை என்று தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.

டிரைவர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் திட்டுவார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டேய் என்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேர்களே போதுமானதாக இருந்தன. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஒல்லியான ஆள், நீளமான கழுத்து, அதில் எப்போதும் ஈரமான ஒரு துண்டு. முகத்தைப் பார்த்தால் இப்போதுதான் சாவு வீட்டிலிருந்து திரும்பியவர் மாதிரி இருப்பார். முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போனாலும் அதே முகம்தான்.

காலையில் கள்ளக்குறிச்சியில் எடுத்தால் கச்சிராப்பாளையம், கோமுகி அணை வழியாக வெள்ளிமலை. மதியம் இறக்கம். சாயங்காலம் திருக்கோவிலூர் போய்த் திரும்ப வேண்டும். கரும்பாலை அரைக்கிற பருவத்தில் சில நாட்கள் மூங்கில்துறைப்பட்டுப் பக்கமும் தள்ளிவிடுவார்கள். மலை, ஏரிக்கரை, கரும்பு வண்டி ரோடு, நல்ல தார் ரோடு என்று ஒரே நாளில் எல்லாமும் வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அணைக்கட்டு தாண்டும்போது அவருக்கு ஒரு ஜோக் சொன்னேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல ஜோக். அவர் முகம் அசையவில்லை. சரி, காது மந்தம் போல என்று நினைத்துக்கொண்டு பின்னால் போய் டிக்கெட் போட்டேன். வண்டி மலை ஏறி, வளைவுகள் எல்லாம் திரும்பி, வெள்ளிமலையில் போய் நின்றது. அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்தார். துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, ஓட்டைப் பல் தெரிய, தோள் குலுங்க ஒரு சிரிப்பு. இறங்கிக்கொண்டிருந்தவர்கள் பயந்து ஒதுங்கினார்கள்.

"இன்னாண்ணே, எதுக்கு சிரிக்கிறீங்க?"

"டேம்கிட்ட ஒண்ணு சொன்னியே. அதுக்கு."

எனக்கு அந்த ஜோக்கே மறந்துபோயிருந்தது.

அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். இந்த மனுஷனுக்குச் சிரிப்பு வந்து சேருகிற நேரம் ரோட்டைப் பொறுத்தது. திருக்கோவிலூர் போகிற தார் ரோட்டில் நான் ஜோக்கை முடிப்பதற்குள்ளேயே சிரித்துவிடுவார். ஜோக் சொல்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. கரும்பு வண்டிகள் வரிசையாகப் போகிற ரோட்டில் தவணை முறை. ஒரு மாட்டு வண்டியைத் தாண்டினால் ஒரு 'ஹ', அடுத்த டிராக்டரைத் தாண்டினால் இன்னொரு 'ஹ'. மழை நாளில் ஏரிக்கரைச் சேற்றில் சொன்னது அடுத்த ஊர் தாண்டி வந்து சேரும். மலையில் மட்டும் சிரிப்பே கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்ட பிறகுதான். அதுவரை எங்கே வைத்திருப்பார் என்று தெரியாது, ஆனால் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. மூன்று ஜோக் சொல்லியிருந்தால் மேலே போய் வரிசை மாறாமல் மூன்று முறை சிரிப்பார்.

மலை ஏறத் தொடங்கும் இடத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். "டிக்கு டிக்குன்னு கேட்டுக்கினே இருக்குது" என்பார். அந்த என்ஜின் போடுகிற கூச்சலில் கடிகாரம் கேட்கிறதாம். ஒருநாள் வண்டியில் அறுபது பேர், பத்துக் கோழி, இரண்டு ஆட்டுக்குட்டி. இத்தனை சத்தத்துக்கும் நடுவில், "டேய், பின்னாடி எவனோ தூக்குவாளி மூடியை ஆட்டிக்கினு வரான். கையில பிடிச்சிக்கச் சொல்லு" என்றார். போய்ப் பார்த்தால் கடைசி சீட்டில் ஒரு மலைக்காரப் பெரியவர் மடியில் தூக்குவாளி. அதன் மூடி ஆடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் கச்சிராப்பாளையம் டீக்கடையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்கக் கூடாததை நான் கேட்டேன்.

"நான் காலைலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன். நீங்க உக்காந்துக்கினுதானே வரீங்க. இன்னாண்ணே இவ்ளோ களைப்பு?"

அவர் கோபப்படவில்லை. எழுந்து வண்டியில் ஏறினார். என்னைத் தன் பக்கத்தில் என்ஜின் பெட்டி மேல் உட்காரச் சொன்னார்.

"ரோட்டுல எனக்கு இன்னா இன்னா தெரியுதோ எல்லாத்தையும் வாயால சொல்லிக்கினே வா. ஒண்ணு விடாத. இந்த ஊரு கடைசி வூடு வர்ற வரைக்கும்."

வாய் என் சொந்தத் தொழில் ஆயிற்றே. உற்சாகமாக ஆரம்பித்தேன். நாய். சைக்கிள். சைக்கிள் பின்னாடி புல்லுக்கட்டு. புல்லுக்கட்டு ஆடுது. பள்ளம். பள்ளத்துல தண்ணி. எவ்ளோ ஆழம்னு தெரியல. கெழவர். கெழவர் திரும்பிப் பார்க்கல. காது கேக்குமா கேக்காதான்னு தெரியல. கரும்பு வண்டி. வண்டிக்குப் பின்னாடி பசங்க கரும்பு உருவுறானுங்க. எதிர்ல லாரி. லாரி ஒதுங்குமா ஒதுங்காதா. நாய் மறுபடியும். வேற நாய்...

கடைசி வீடு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மனுஷன் முன்னால் வாயை மூடினேன்.

"பாதிதான் சொன்ன," என்றார் அவர். "கண்ணாடில பின்னாடி தெரிஞ்சதை எவன் சொல்லுவான்?"

இன்னொரு நாள், எந்த ரோடு ரொம்பக் கஷ்டம் என்று கேட்டேன். மலை என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் விரலை மடக்கிக்கொண்டு யோசித்தார்.

"மலை எறங்குனா தோள் வலிக்கும். கரும்பு வண்டிங்க பின்னாடி போனா தலை வலிக்கும். நல்ல ரோட்டுல ஒண்ணும் வலிக்காது."

"அப்ப நல்ல ரோடுதானே நல்லது?"

"ஒண்ணும் வலிக்கலைன்னா உயிரோட கீறோமா இல்லியான்னு எப்படிடா தெரியும்? அங்கதான் எனக்கு பயம். அங்க எதுனா பேசிக்கினு இரு."

இதையும் ஜோக் என்று நினைத்து நான் சிரித்தேன். தார் ரோட்டில் இருந்ததால் உடனே சிரித்தேன்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. முதலில் ஒரு நாள் மறியல், அப்புறம் இரண்டு நாள், அப்புறம் கணக்கில்லாமல். ரோட்டோரம் நின்ற புளிய மரங்கள் நடு ரோட்டில் படுத்துக்கொண்டன. கல்லடிக்குப் பயந்து வண்டி முன்கண்ணாடிக்கு வெளியே கம்பி வலை அடித்தார்கள். உலகமே கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எங்கள் பயணிகளில் கேட்டவர்களும் இருந்தார்கள், கேட்காதவர்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே டிக்கெட்தான் கொடுத்தேன்.

அண்ணனுக்கு அந்த வருஷங்களில் எல்லா ரோடும் மலை ரோடு ஆகிவிட்டது. தார் ரோட்டில் சொன்ன ஜோக்குக்கும் ஸ்டாண்டில் வந்துதான் சிரித்தார். எதிரில் ஒரு வண்டி வந்தால் அவர் தோள் கொஞ்சம் இறங்கும். "அவன் வரான்னா ரோடு கீதுன்னு அர்த்தம்" என்பார். இரண்டு மைலுக்கு எதிரில் ஒன்றும் வராவிட்டால் வேகத்தைக் குறைத்துவிடுவார். அப்படி இரண்டு முறை மரத்துக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார். வீட்டுக்குப் போனால் பேச்சே இல்லையாம். அவர் சம்சாரம் ஒருநாள் ஸ்டாண்டுக்கு வந்தபோது என்னிடம் கேட்டது: "அங்க உங்ககிட்டயாவது சிரிக்கிறாருங்களா?"

"சிரிக்கிறாருங்க. கொஞ்சம் லேட்டாகுது" என்றேன்.

அந்தப் பெரிய மறியல் தொடங்கியபோது எங்கள் வண்டி வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு நாள். வண்டியை விட்டுவிட்டு எங்கேயும் போகக்கூடாது என்று பஸ் முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். நான் கடைசி சீட்டில் நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டேன். அவர் இரண்டு ராத்திரியும் ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் மறியல் முடிந்தது, ரோடு திறந்தாச்சு என்று செய்தி வந்தது. கீழே போக வேண்டியவர்கள் ஏறிக்கொண்டார்கள். சந்தைக்குத் தினை கொண்டுபோகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கீழே மாட்டிக்கொண்ட புருஷனைத் தேடிப் போகிற ஒரு அம்மா.

ராத்திரி மழை பெய்து மலை ரோடு வழுக்கியது. வளைவுகளில் கல் சரிந்து கிடந்தது. வண்டியில் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. பயந்தவர்களைச் சிரிக்க வைப்பது என் பொறுப்பு என்று யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். உரத்த குரலில் ஆரம்பித்தேன்.

"நான் பொண்ணு பார்க்கப் போனேங்க. பொண்ணோட அப்பா, மாப்ளைக்கு இன்னா வேலைன்னாரு. பஸ்ல கண்டக்டர்னேன். பஸ்ல எங்க உக்காருவீங்கன்னாரு. எங்கங்க உக்கார்றது, காலைலேர்ந்து நின்னுக்கினுதான் இருப்பேன்னேன். அப்ப பழக்கம்தானே, இங்கயும் நின்னுக்கினே பேசுங்கன்னு விரிச்ச பாயைச் சுருட்டிட்டாருங்க!"

வண்டி சிரித்தது. அந்தம்மாகூடச் சிரித்தது. அந்த ருசியில் நான் எல்லையைத் தாண்டினேன். பெண் பார்க்க என்னோடு பெரிய மனுஷனாக வந்தவர் அண்ணன்தான். சரியாக ஒரு கொண்டை வளைவில் வண்டி திரும்பும்போது அவர் தோளைத் தட்டி, "இன்னாண்ணே, நெசந்தானே? சொல்லுங்க!" என்றேன்.

அவர் தலை அரைக்கால் திருப்பம் திரும்பியது. அவ்வளவுதான். பின் சக்கரம் ஓரக்கல்லில் இடித்து வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. ஜன்னல் பக்கம் பார்த்தவர்களுக்கு ரோடு தெரியவில்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது. அடுத்த நொடியில் வண்டி மறுபடியும் ரோட்டுக்கு வந்துவிட்டது.

"வாயை மூடுடா," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "வண்டி நிக்கிற வரைக்கும் உன் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது."

இத்தனை பேர் முன்னால். நான் சிரிக்க வைத்த அதே ஆட்கள் முன்னால். பின்படிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ரோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.

அணை வந்தது. கச்சிராப்பாளையம் வந்தது. டீக்கடைக்காரர், "கள்ளக்குறிச்சி வரைக்கும் எல்லாம் எடுத்தாச்சாம், தைரியமா போங்க" என்றார். அண்ணன் கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அவர் தோள் அவ்வளவு கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை.

வடக்கனந்தலைத் தாண்டினால் ரோடு நேர் கோடு. கொஞ்ச நாள் முன்னால்தான் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள். அன்றைக்கு அதில் ஒரு சைக்கிள் இல்லை, ஒரு மாட்டு வண்டி இல்லை, நாய்கூட இல்லை. மூன்று நாள் எல்லாம் அடங்கிக் கிடந்த ரோடு. எதிரில் ஒன்றும் வரவில்லை; இன்னும் யாரும் வண்டி எடுத்திருக்க மாட்டார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் இருந்தது. வெயில் இதமாக இருந்தது. வண்டி ஒரே சுருதியில் போனது. பயணிகள் ஒவ்வொருவராகத் தலை சாய்த்தார்கள்.

கண்ணாடியில் அவர் என்னைப் பார்த்தார்.

"இன்னாடா, சத்தத்தையே காணோம்?"

நான் வெளியே வயலைப் பார்த்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் பார்த்தார். "டேய். எதுனா பேசு."

"வண்டி நிக்கிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு சொன்னீங்க," என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மரத்தை நான் பார்த்தேன். அரை மைல் தூரத்திலேயே பார்த்தேன். பெரிய புளிய மரம், ரோட்டுக்குக் குறுக்கே, இலையெல்லாம் வாடி, யாரும் எடுக்காமல். நேர் ரோட்டில் நல்ல வெயிலில் கிடக்கிற மரம். எனக்கே தெரிகிறது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா, கிட்டப் போய் நிறுத்துவார் என்று நினைத்தேன். என்னால் பேசாமல் இருக்க முடியும் என்பதை இன்னும் கொஞ்ச நேரம் அவருக்குக் காட்ட வேண்டியிருந்தது. வண்டி வேகம் குறையவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது.

புருஷனைத் தேடிப் போன அந்தம்மாதான் கத்தியது. நான் கத்துவதற்குள் வண்டி மரத்துக்குள் இருந்தது.

யாரும் சாகவில்லை. இரண்டு பேருக்குக் கை ஒடிந்தது, நிறைய பேருக்குச் சிராய்ப்பு. அவருடைய வலது முழங்காலை மட்டும் ஒரு கிளை சீட்டோடு சேர்த்து நசுக்கியிருந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து ஊர் ஆட்கள் ஓடி வந்தார்கள். மரத்தைச் சாய்த்தவர்களே அவர்கள்தான். சாய்த்த அதே கோடாலியால் கிளையை வெட்டி அவரை வெளியே எடுத்தார்கள்.

"சோறு தின்னுட்டு வந்து எடுக்கலாம்னு இருந்தோம்ணே," என்றான் ஒருவன், அழுகிற மாதிரி. "மூணு நாளா கெடக்குற மரம். உங்க கண்ணுக்குத் தெரியலியா?"

அவர் என்னைத்தான் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் முதலாளி வருவதற்கு முன்னால் நான் அவர் காதில் சொன்னேன். எனக்கு அப்போதும் புத்தி அந்தப் பக்கம்தான் ஓடியது. "கல்லால அடிச்சாங்க, கண்ணாடி உடைஞ்சி கண்ணு மறைச்சிடுச்சின்னு சொல்லிடலாம்ணே. அத்தனை பேரும் நம்புவாங்க. போலீஸே நம்பும். உங்க வேலை நிக்கும்."

நம்பியிருப்பார்கள். அந்த ஊரில் கோடாலி வைத்திருந்த அத்தனை பேரையும் ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். அவருக்கு வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், தெரிந்த வேலை அது ஒன்றுதான். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வந்ததும், "மரத்தைச் சாய்ச்சது அவங்க. தூங்குனது நான்," என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா பண்ணிக்கினு இருந்த?"

"டிக்கெட் போட்டுக்கினு இருந்தேங்க," என்றேன். வழியில் ஒரு ஆள்கூட ஏறவில்லை. அண்ணனுக்கு அது தெரியும். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேலை போயிற்று. எனக்கு இருந்தது. புது டிரைவர் வந்தார், நான் என்ன சொன்னாலும் எந்த ரோட்டிலும் சிரிக்கிற ஆள். அவரோடு வண்டியில் போக எனக்கு ரொம்ப நாள் பயமாக இருந்தது.

அண்ணன் மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறார் என்று தெரிந்தும் நான் அங்கே போகவில்லை. அந்தப் பக்கம் நடை விழுந்தால் வேறு கண்டக்டரோடு மாற்றிக்கொள்வேன். பேருக்குக் காரணம் வயிற்று வலி. பல வருஷம் அதே வயிற்று வலி. வேலையை விட்டு நின்ற பிறகு, மாற்றிக்கொள்ள ஆள் இல்லாமல் போனதால், ஒருநாள் போனேன்.

ஆலைக்குப் போகிற ரோட்டோரம் அவர் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் மடங்காமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. கையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி. கரும்பு டிராக்டர்களையும் மாட்டு வண்டிகளையும் வரிசையில் நிறுத்துகிற வேலை. வரிசை கண்ணுக்கெட்டின தூரம் நின்றது. மணிக்கு ஒருமுறை ஒரு வண்டி நகர்ந்தது.

"இப்போ சௌகரியமான ரோடுதாண்ணே உங்களுக்கு," என்றேன். "எதுவும் நகரவே மாட்டேங்குது."

அவர் அண்ணாந்து பார்த்தார். கழுத்தில் அதே ஈரத் துண்டு. "வயித்து வலி சரியாயிடுச்சா?" என்றார்.

பக்கத்தில் கிடந்த கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்தேன். வரிசையில் நின்ற மாடுகளைப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன்.

"அன்னிக்கு மரத்தை நான் மொதல்லயே பார்த்தேண்ணே. ரோஷத்துல வாயை மூடிக்கினு இருந்துட்டேன்."

அவர் குச்சியை ஒரு தடவை ஆட்டினார். ஒரு டிராக்டர் பத்தடி நகர்ந்து நின்றது. கோபமா, தெரிந்த விஷயமா, களைப்பா, அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அது எப்போதுமே சாவு வீட்டு முகம்தானே. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. மலை இறக்கத்தில் தாங்காத மாதிரியே தாங்கவில்லை. கடைசியில் என் வழக்கமான புத்திக்கே போனேன்.

"பொண்ணு பார்க்கப் போன கதை சொன்னேனே, பாயைச் சுருட்டுன கதை. நீங்க சேர்த்து வச்சி சிரிக்கிற ஆளாச்சே. அதுக்கு மட்டும் இன்னும் சிரிக்கவே இல்லியேண்ணே?"

"வண்டி இன்னும் நிக்கலடா."